கொசப்பேட்டையில் வாங்கிய பாற்கடல் செட்: மோகினியின் கண்ணைப் பார்த்து வாங்குங்கள்

கொலுப் பொம்மைகளை மறுபடி பெட்டியில் கட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வருஷம் பாற்கடல் செட் தேடப் போகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

வாங்கிய இடம் சென்னையில் கொசப்பேட்டை. புரசைவாக்கத்துக்கும் ஓட்டேரிக்கும் நடுவில் இருக்கிறது. குயவர்கள் குடியிருந்த பேட்டை என்பதால் அந்தப் பெயர், பேச்சில் கொசப்பேட்டை ஆகிவிட்டது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் போனால் சந்து முழுக்க ஈரக் களிமண் பிள்ளையார்தான். சதுர்த்தி முடிந்த கையோடு அதே வீடுகளில் கொலுப் பொம்மை வேலை சூடு பிடிக்கும். நான் வாங்கியது மெயின் ரோட்டுக் கடையில் இல்லை. உள்ளே ஒரு சந்தில், வீட்டு முன்கூடத்திலேயே வண்ணம் பூசி அங்கேயே விற்கிற ஒரு குடும்பத்திடம். பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் ஒரு பலகை போட்டு அதன்மேல் பொம்மைகளைக் காயவைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம்.

செட்டில் என்னென்ன இருந்தது என்றால், மந்தர மலை, அடியில் ஆமை, சுற்றிக் கட்டிய வாசுகி, ஒரு பக்கம் நாலு தேவர்கள், மறுபக்கம் நாலு அசுரர்கள், ஆலகால விஷத்தைக் கையில் வாங்கும் சிவன், அப்புறம் தனியாக மோகினி, அவள் பரிமாறும் வரிசையில் ராகு, சூரியன், சந்திரன். காகிதக்கூழ் பொம்மைகள், மலை மட்டும் சுட்ட மண். மோகினி ஒரு அடி உயரம், மற்றவை அரை அடிக்குக் கொஞ்சம் கூட. 4,800 ரூபாய் சொன்னார்கள், பேசி 4,300க்கு வாங்கினேன்.

நான் தேடிப் போனதே மோகினிக்காகத்தான். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு மோகினி உண்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு கடையில் வாங்கியது, நான் பெயர் சொல்ல விரும்பவில்லை. வீட்டுக்கு வந்து படியில் வைத்துப் பார்த்தால் அது மகாலட்சுமி அச்சு! தாமரைக்குப் பதிலாகக் கையில் ஒரு கலசத்தை ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். முகம் நேராக, கண் நேராக, அபயம் கொடுப்பது போன்ற சாந்தமான சிரிப்பு. பார்க்க அழகுதான், குறை சொல்ல முடியாது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எந்த அசுரன் அமுதக் கலசத்தை நீட்டியிருப்பான்? மூன்று நவராத்திரியும் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இந்த முறை கூடத்தில் உட்கார்ந்து கண் எழுதிக்கொண்டிருந்த அக்காவிடம் நேரடியாகவே கேட்டேன், மோகினிக்கும் லட்சுமிக்கும் என்ன வித்தியாசம் வைப்பீர்கள் என்று. அவர் தூரிகையை எடுக்காமலேயே சொன்னார்: "நேரா பாத்தா அது மகாலட்சுமி கண்ணும்மா. மோகினி நேரா பாக்க மாட்டா. கை ஒரு பக்கம், கண்ணு ஒரு பக்கம்."

அந்த ஒரு பதிலுக்காகவே வாங்கிவிட்டேன் என்று சொன்னால் தப்பில்லை.

ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது. தன்வந்திரி அமுதக் கலசத்தோடு கடலிலிருந்து வருகிறார், அசுரர்கள் அதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், தங்களுக்குள்ளேயே யாருக்கு முதலில் என்று சண்டை. அப்போது விஷ்ணு மோகினியாக வருகிறார். பாகவதத்தில் எட்டாம் ஸ்கந்தத்தில் இது விரிவாக இருக்கிறது, அதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று: கலசத்தைக் கொடுத்துப் பங்கு போடச் சொல்லும் அசுரர்களிடம் மோகினியே சொல்கிறாள், நீங்கள் காசியபருடைய பிள்ளைகள், ஊர் சுற்றுகிற என்னைப் போன்ற பெண்ணை எப்படி நம்புகிறீர்கள் என்று. சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறாள். அவர்கள் அதைக் கேட்டு இன்னும் மயங்கிப்போகிறார்கள். நான் செய்வது சரியோ தப்போ ஒத்துக்கொள்வீர்களா என்றும் கேட்டுக்கொள்கிறாள், அதற்கும் தலையாட்டுகிறார்கள். அதன்பிறகு இரண்டு வரிசையாக உட்காரவைத்து, பார்வையை அசுரர்களுக்கும் அமுதத்தைத் தேவர்களுக்கும் கொடுக்கிறாள். கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். சந்துக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த அக்கா அந்த அத்தியாயத்தைப் படித்திருப்பாரா தெரியாது, ஆனால் அதன் சாரம் அவர் தூரிகை நுனியில் இருக்கிறது.

இந்த பொம்மையில் அது எப்படி வந்திருக்கிறது என்று சொல்கிறேன். மோகினி இடுப்பில் கலசத்தை வைத்திருக்கிறாள், நம் தெருவில் தண்ணீர் லாரியிலிருந்து குடத்தை எடுத்து வரும்போது இடுப்பு ஒரு பக்கம் ஒடிந்து நிற்குமே, அதே நிலை. வலது கையில் சின்ன அகப்பை, அது தேவர்கள் பக்கம் நீண்டிருக்கிறது. கழுத்து லேசாகத் திரும்பியிருக்கிறது, கருவிழி இரண்டும் அதைவிட இன்னும் கொஞ்சம் தள்ளி, கடைக்கண்ணுக்கு ஓடியிருக்கிறது. இமைக்கு மேலே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று, கண் மையைவிட அதுதான் பார்வைக்கு உயிர் கொடுக்கிறது. உதடு சிரிக்கவில்லை, சிரிக்கப் போகிற மாதிரி இருக்கிறது. படியில் அவளுக்கு இடப்பக்கம் அசுரர்களை வைத்தால் பார்வை கச்சிதமாக அவர்கள்மேல் போய் விழுகிறது. வலப்பக்கம் வைத்துவிட்டால் கதையே கெட்டுவிடும், வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், ஏகாதசிக்கு முந்தின பத்து நாள் உற்சவமான பகல் பத்தின் பத்தாம் நாள், உற்சவரான நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் சேவை சாதிப்பார். நாச்சியார் திருக்கோலம் என்பார்கள். மறுநாள் விடியலில் பரமபத வாசல் திறப்பு. அந்தக் கோலத்தைப் பற்றி வைணவப் பெரியவர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு: பெருமாள் வைணவ ஆசாரியரான பராசர பட்டரைப் பார்த்து, தாயாரான நாச்சியார் மாதிரியே இருக்கிறேனா என்று கேட்டாராம். பட்டர் உற்றுப் பார்த்துவிட்டு, உடை சரி, நகை சரி, கொண்டை சரி, எல்லாம் பொருந்தியிருக்கிறது, ஆனால் நாச்சியாருடைய அந்தப் பார்வை மட்டும் உம்மால் முடியாது என்றாராம். தாயாருடைய கண்ணில் கருணை மட்டும்தான் இருக்கும், பெருமாளின் கண்ணில் நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்கிற சுதந்திரம் தெரியும், புடவை கட்டினாலும் அதை மறைக்க முடியாது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். நான் சின்ன வயதில் அப்பாவோடு திருவல்லிக்கேணியில் பகல் பத்துக் கடைசி நாள் இந்தக் கோலத்தைச் சேவித்திருக்கிறேன், கூட்டத்தில் அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்து "கண்ணைப் பாரு, கண்ணைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று பட்டர் கதை தெரிந்த பிறகுதான் புரிந்தது.

சரி, பொம்மைக்கு வருகிறேன். மோகினிக்கு அடுத்தபடி இந்த செட்டில் மனசில் நிற்பது ராகு. நிறைய இடங்களில் தலை வேறு உடல் வேறாக வெட்டிப்போட்ட மாதிரி செய்கிறார்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் எனக்கு அது பிடிப்பதில்லை. இங்கே அதற்கு ஒரு கணம் முன்னால் பிடித்திருக்கிறார்கள். தேவர் வேஷத்தில், அதே மஞ்சள் பட்டும் கிரீடமுமாக, வரிசைக் கடைசியில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்தியிருக்கிறான். உதட்டோரம் மட்டும் ஒரு கோரைப்பல் நுனி எட்டிப் பார்க்கிறது. பக்கத்தில் சூரியனும் சந்திரனும், ஒருவர் மூக்கின்மேல் விரல் வைத்திருக்க, மற்றவர் அவனைக் காட்டுகிறார். அவர்கள் காட்டிக்கொடுத்த நொடியில் சக்கரம் பாய்ந்தது, அமுதம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை, அதனால் உடல் விழுந்தது, தலை மட்டும் சாகாமல் நின்றது, அந்தக் கோபத்தில்தான் இன்றைக்கும் கிரகணம் என்று என் அக்கா பேரனுக்குச் சொன்னேன். அவன் தினமும் சாயந்திரம் வந்து அந்தக் கோரைப்பல்லைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சுண்டல் சாப்பிட்டான்.

அவன்தான் முதல் நாள் "மோகினின்னா பேய்தானே?" என்று கேட்டவனும். தப்பு அவன்மேல் இல்லை. வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம், புளியமரம் என்று மோகினிப் பிசாசுக் கதை கேட்டு வளர்கிற ஊர் நம்முடையது. பெருமாளே எடுத்த ரூபம் என்று சொன்னபோது நம்பவே இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் திருமோகூர் என்று ஒரு திவ்யதேசமே இருக்கிறது, காளமேகப் பெருமாள் கோயில், மோகினியாக வந்து அமுதம் கொடுத்த தலம் என்பதால்தான் அந்தப் பெயர் என்றேன். ஆந்திராவில் ரியாலியில் ஒரே கல்லில் முன்பக்கம் கேசவன், பின்பக்கம் மோகினி, கொண்டை முதல் செதுக்கிய சிலை உண்டு என்றேன். மோகினியின் கூந்தலிலிருந்து பூ உதிர்ந்த இடம் அது, தெலுங்கில் ராலி என்றால் உதிர்ந்தது. கோவாவில் மார்தோலில் மகாலசா நாராயணி என்று அவளையே மூலவராக வைத்துக் கும்பிடுகிறார்கள். அப்புறம்தான் "அப்போ ஐயப்பசாமியோட அம்மாவா?" என்று கேட்டான். அவன் தாத்தா மாலை போடுகிறவர், ஹரிஹரசுதன் என்ற சரணம் அவனுக்குப் பழக்கம். ஆமாம் என்றேன். அன்றையிலிருந்து மோகினிக்குத் தினமும் ஒரு பூ வைப்பது அவன் வேலை.

இனி குறைகள். முதலாவது, வாசுகி. எனக்கு முதலில் எடுத்துக் காட்டிய செட்டில் வாசுகியின் தலை தேவர்கள் பக்கம் இருந்தது. அது தப்பு. முதலில் தேவர்கள்தான் தலையைப் பிடித்தார்கள், வால் பக்கம் பிடிப்பது எங்களுக்கு இழுக்கு என்று அசுரர்கள் அடம் பிடித்ததால் மாற்றிக்கொண்டார்கள், கடையும்போது தலை அசுரர்களிடம்தான், அதனால்தான் விஷமூச்சில் அவர்கள் வாடிப்போனார்கள். இதைச் சொன்னதும் அந்த வீட்டு அண்ணன் கோபப்படவில்லை, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போய் இன்னொரு செட்டை எடுத்து வந்தார், அதில் சரியாக இருந்தது. ஆக இரண்டு மாதிரியும் அங்கே இருக்கிறது, நீங்கள்தான் பார்த்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது, தன்வந்திரி செட்டில் இல்லை. கலசம் யார் கையிலிருந்து வந்தது என்று காட்டாமல் மோகினியைக் காட்டினால் கதை பாதியில் தொடங்கின மாதிரி இருக்கிறது. தனியாக 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன், அளவு கொஞ்சம் பெரியது, மற்றவற்றோடு சேரவில்லை. மூன்றாவது, நாலு தேவர்களுக்கும் ஒரே அச்சு, ஒரே முகம். பட்டின் கரை நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அசுரர்களுக்கு நாலு விதமான மீசை வைத்தவர்களுக்கு இது முடியாத காரியமா? கண் எழுதுகிற கைக்கு இவ்வளவு நுணுக்கம் இருக்கும்போது இந்த அலட்சியம் வருத்தமாக இருந்தது. நாலாவது, சிவனின் நீலம் சரியாகக் காயவில்லை, செய்தித்தாள் ஒட்டிக்கொண்டு முதுகில் எழுத்து பதிந்துவிட்டது. முதுகுதானே என்று விட்டுவிட்டேன், ஆனாலும் அவசரப்பட்டுக் கட்டித் தர வேண்டாம், இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று நீங்கள் சொல்லிவிடுவது நல்லது. நம் பக்கம் கடல் காற்றில் ஈரம் அதிகம், காய நேரம் எடுக்கும்.

வியாசர்பாடிக்கு ஆட்டோவில் வரும்போதே வாசுகியின் வால் நுனி உடைந்துவிட்டது. வைக்கோலும் காகிதமும் நிறையத்தான் வைத்துக் கட்டியிருந்தார்கள், ஓட்டேரிப் பக்கத்து மேடு பள்ளத்துக்கு அது போதவில்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை, நாலு தடவை பண்ணினேன். நேரில் எடுத்துக்கொண்டு போனேன், பேச்சே இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அமாவாசையன்று வந்து எடுத்துக்கச் சொன்னார்கள், காசு வாங்கவில்லை. கூழ் வைத்து ஒட்டி, செதில் வரைந்து, எங்கே உடைந்தது என்று எனக்கே தெரியாத மாதிரி தந்தார்கள்.

அந்த அமாவாசைதான் திருப்பதிக் குடை கிளம்புகிற நாளாகவும் அமைந்தது. சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பி யானைகவுனி தாண்டி, சூளை, அயனாவரம், வில்லிவாக்கம் என்று நடந்தே போகிற குடைகள். சாயந்திரம் ஒரு ஆட்டோவும் வரவில்லை, வாசுகியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு சூளையில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெண்பட்டுக் குடைகள் தூரத்தில் ஆடி ஆடி வர, கோவிந்தா சத்தம் நெஞ்சில் அதிர்ந்தது. அந்தக் குடைகள் போவது கருட சேவைக்கு. பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் ராத்திரி கருட சேவை, அதே நாள் காலையில் திருமலை உற்சவரான மலையப்ப சுவாமி மோகினி அவதாரத்தில் பல்லக்கில் வருவார், கூடவே இன்னொரு பல்லக்கில் கிருஷ்ணர். வட சென்னைத் தெருக்கள் வழியாகப் போகிற குடை அவர் காலையில் மோகினியாக வந்த அன்றைக்கு ராத்திரிதான் அவருக்குப் பிடிக்கப்படுகிறது என்று அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை வருஷமாக அந்தக் குடையைப் பார்த்திருக்கிறேன், இந்த இரண்டையும் ஒருமுறைகூடச் சேர்த்து நினைத்ததில்லை.

கொலுவுக்கு வந்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அக்கா ஒருவர், திருநங்கை, ஐந்தாம் நாள் பூ கொடுக்க வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். படியைப் பார்த்துக்கொண்டே வந்தவர் மோகினியிடம் நின்றுவிட்டார். "இது எங்க மோகினியாம்மா?" என்று கேட்டார். அவர் வருஷா வருஷம் சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் போகிறவர். பாரதப் போரில் ஜெயிக்கக் களப்பலிக்கு ஒப்புக்கொண்ட அர்ஜுனன் மகன் அரவான், சாவதற்கு முன்னால் ஒரு நாளாவது கல்யாணம் பண்ணிக்கொண்டு வாழ வேண்டும் என்று கேட்டான், மறுநாள் சாகப்போகிறவனுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை, கிருஷ்ணரே மோகினியாகி அவனைக் கட்டிக்கொண்டார். கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து, வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைக்கிற இடத்தை அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. "எல்லாரும் இவ மயக்கினான்னு சொல்றாங்க, எங்க கதையில இவ அழுவுறா" என்றார். நான் மோகினியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணு நல்லா எழுதியிருக்காங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். கொசப்பேட்டை அக்காவிடம் இதைப் போய்ச் சொல்ல வேண்டும்.

மொத்தத்தில் ஐந்துக்கு நாலு தருவேன். மோகினி, ராகு இரண்டுக்கும் ஐந்துக்கு ஐந்து, தேவர்களின் முகத்துக்கும் போன் எடுக்காததற்கும் ஒன்று குறைத்துவிட்டேன். அங்கே பஸ்மாசுரன் மோகினி செட்டும் பார்த்தேன், யார் தலையில் கை வைத்தாலும் சாம்பலாக வேண்டும் என்று வரம் வாங்கியவன் அவன், அவள் ஆட, அவனும் பார்த்து ஆடித் தன் தலையில் தானே கை வைக்கிற கட்டம். பாகவதத்தில் இதே மாதிரி விருகாசுரன் கதை உண்டு, அங்கே விஷ்ணு வருவது பிரம்மச்சாரிப் பையனாக. நாம் கேட்டு வளர்ந்தது ஆட்டக் கதைதான். அசுரன் கை நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் மோகினிக்கு இன்னும் கண் எழுதியிருக்கவில்லை, அதனால் முன்பணம் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் கண் எழுதின பிறகு பார்த்துத்தான்.

போகிறவர்கள் சதுர்த்தி முடிந்து ஒரு வாரம் கழித்து, காலையில் போங்கள். வெயில் நேரத்தில் வெளிச்சம் முன்கூடத்தில் விழும்போது கண்ணின் வேலை நன்றாகத் தெரியும், சாயந்திரம் டியூப்லைட்டில் எல்லாப் பொம்மையும் ஒரே மாதிரி இருக்கும். ஜிபே வாங்குகிறார்கள், பில் தர மாட்டார்கள். பெட்டியில் வைக்கும்போது மோகினியின் முகத்துக்குச் செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும், உரசினால் அந்தச் சிவப்புக் கோடு போய்விடும். அப்பாவுடைய பழைய மல் வேட்டி ஒன்று இருந்தது, அதைக் கிழித்து நாலாக மடித்துச் சுற்றி வைத்திருக்கிறேன்.